கடிகாரத்துக்குப் போதும்

டக். டடக். டட்டடட்டக்.

நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரர் டிவி ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார். மசியவில்லை. பேட்டரியை உருவித் தரையில் விட்டெறிந்தார். அது மொசைக்கில் ஒரு துள்ளு துள்ளி, இன்னொரு துள்ளு துள்ளி, கட்டிலுக்கு அடியில் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. நின்ற பிறகும் என் காதுக்குள் துள்ளிக்கொண்டே இருந்தது.

"என்னளா, பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் இல்லை. செத்த பேட்டரியின் சத்தம் அது. நிறைந்த பேட்டரி அப்படித் துள்ளாது. இரண்டு விரற்கடை உயரத்திலிருந்து, அடிப்பக்கம் கீழாக, மேசையில் விட்டுப் பாருங்கள். நிறைந்தது தொப்பென்று விழும். சில நேரம் நெட்டுக்குத்தாக நிற்கவும் செய்யும். தீர்ந்தது எகிறும், சாயும், உருளும். இதை என் கண் முன்னால் நூறு தடவையாவது செய்தவள் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே சொல்லைச் சொல்லுவாள்.

"உள்ள காலியானதுதாம்ளா ரொம்பத் துள்ளும்."

அவள் பெயரை எழுத மாட்டேன். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெயரை எடுக்கிற உரிமையை என் வாய் இழந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியின் மாடி. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களின் சரக்குக்குச் சுங்கத்தில் தாள் போடுகிற வேலை எங்களுக்கு. உறைய வைத்த கணவாய், இறால், நிலாவரை இலை, முந்திரிப் பருப்பு, உலர்ந்த பூ. எதையும் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் எண், எல்லாம் திரையில் ஒரு கட்டம். ஆறு மேசைகளில் இரண்டில் பெண்கள், அவளும் நானும். பக்கத்துப் பக்கத்து மேசை. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் முழங்கை இடிக்கும்.

அந்த ஊர்க் காற்றை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் நிலக்கரி. துறைமுகத்தில் கரி இறங்குகிற நாளில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் மேசைக் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். உப்பு வேறு மாதிரி. அது கண்ணுக்குத் தெரியாமல் வரும். ஸ்டேப்ளரைத் தின்னும், பூட்டைத் தின்னும், ஜன்னல் கம்பியைப் பூப்பூவாக உரிக்கும். எந்த இரும்புக்கும் இளமை நீடிக்காத ஊர்.

அந்த ஊரின் ஆள்தான் அவளும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து, அதைத் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நரம்பால் சுற்றியிருப்பாள். நான் சேர்ந்த நாளிலும் அந்தக் கட்டு இருந்தது, அவள் போன நாளிலும் இருந்தது. "மாத்திரலாமேக்கா" என்றால், "கண்ணு தெரியுதுல்லா" என்பாள். கைப்பையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், வெள்ளை அழிரப்பர், மார்க்கர் பேனா, சிவப்பு நகச்சாயம். அவள் நகத்தில் அந்தச் சிவப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வயரில்லாத மவுஸ் எங்கள் ஆபீஸுக்கு வந்த புதிதில் அது ஒரு பேய்க்கதையாக இருந்தது. அம்புக்குறி நின்ற இடத்தில் நடுங்கும். இழுத்தால் வராது, வந்தால் மூலைக்குத் தாவும். ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாக எடுத்துக்கொள்ளும். ஆளாளுக்கு மவுஸை மேசையில் ஓங்கிக் குத்துவோம். குத்தினால் இரண்டு நிமிடம் ஒழுங்காக இருக்கும், அடி வாங்கிய பிள்ளை மாதிரி. அக்காவுக்கு அந்தச் சத்தம் பொறுக்காது.

"அடிச்சா என்னத்தச் சொல்லும்? வாயில்லாததுல்லா. கேட்டுப் பாருளா."

கேட்பது என்றால் குப்புறத் திருப்புவது. முதலில் அதன் கண். குழிக்குள் கரித்தூள் அப்பியிருக்கும். பிரஷ் நுனியால் எடுத்து ஊதுவாள். அடுத்து மேசை. முதலாளி அண்ணாச்சி எல்லா மேசைக்கும் கண்ணாடி போட்டு, அடியில் காலண்டர் படம் வைத்திருந்தார். "கண்ணாடி மேல ஓடச் சொன்னா அது எதைப் பார்த்து ஓடும்? வழுக்குத் தரையில நமக்குக் காலு நிக்குமா?" என்று ரத்தான ஒரு ஷிப்பிங் பில்லைத் திருப்பி விரிப்பாள். பிறகு நகக்கண் அளவு ரிசீவர். கம்ப்யூட்டரின் முதுகில், இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே அது மூச்சுமுட்டிக் கிடக்கும். பிடுங்கி முன்பக்கம் செருகுவாள். பிறகு ஸ்விட்சை அணைத்து, ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுகிற நேரம் காத்திருந்து, திரும்பப் போடுவாள். இத்தனைக்கும் கேட்காவிட்டால்தான் மூடியைத் திறப்பாள். உள்ளே ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்து வெள்ளியாக்குவாள். பேட்டரியைக் கண்ணாடி மேல் விட்டுப் பார்ப்பாள். துள்ளினால் மட்டுமே புதியது.

புதியது போட்டதும் மார்க்கர் பேனாவால் அதன் உடம்பில் மாதத்தை எழுதி, பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை போடுவாள்.

"சிலுவை போட்டா ரெண்டு நாளு கூட ஓடுமாக்கா?"

"ஓடாது. நான் போட்டதுன்னு எனக்குத் தெரியும்."

ஒரு தடவை அண்ணாச்சி ஆறு மவுஸை மொத்தமாக வாங்கி வந்தார். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே ஜாடை. மேனேஜர், அண்ணாச்சியின் மச்சினர், ஆறு பெட்டியையும் பிரித்து, மவுஸை ஒரு குவியலாகவும் ரிசீவரை ஒரு குவியலாகவும் கொட்டி, மீன் கூறு வைக்கிற மாதிரி ஆளுக்கு இதில் ஒன்று அதில் ஒன்று என்று பங்கு வைத்தார். அரை மணிக்கூறில் ஆபீஸுக்குக் கிறுக்குப் பிடித்தது. நான் மவுஸை நகர்த்தினால் எதிர் மேசையில் அம்பு ஓடுகிறது. மேனேஜர் ஒரு கோப்பைத் திறக்க, என் திரையில் ஒரு கோப்பு காணாமல் போகிறது.

"வைரஸு! வைரஸு! எல்லாரும் ஆஃப் பண்ணுங்க!" என்று மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

அக்கா எழவில்லை. "எல்லாரும் கையை எடுங்க. நான் ஒண்ணொண்ணா ஆட்டுதேன். எவன் பெட்டி ஆடுதோ அவன் சொல்லணும்." அப்படியே ஆட்டினாள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, மவுஸிலும் அதன் ரிசீவரிலும் நகச்சாயத்தால் புள்ளி வைத்தாள். அவளுடையதற்கு ஒரு புள்ளி, என்னுடையதற்கு இரண்டு, அப்படியே ஆறு வரைக்கும்.

அன்றிலிருந்து மேனேஜருக்கு அவள் இஞ்சினியரம்மா. "எனக்கும் ஒரு பொட்டு வைங்க இஞ்சினியரம்மா."

"வைக்கத்தான் வேணும் சார். சீட்டுல ஆளைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு."

ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்தப் புத்தி அவளை விடாது. ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். ஃபாதரின் காலர் மைக் பிரசங்கத்தின் நடுவே கரகரத்தது. "அன்பானவர்களே, நம்முடைய இருதயத்தை" என்று ஆரம்பித்த வாக்கியம் கர்ர்ர் என்று முடிந்தது. சனம் முழுக்கப் பொறுமையாக, பக்தியாக, அந்தக் கர்ர்ரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா எழுந்தாள். கைப்பையோடு நடுவழியே நேராகப் பீடத்தடிக்குப் போனாள். ஃபாதர் குனிந்து, "என்னம்மா வேணும்?" என்றார். "ஒண்ணுமில்ல ஃபாதர், பேட்டரி." அன்று காலையில் கோயில் முழுக்கத் துல்லியமாகக் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். மாற்றினாள், தலையில் சேலையை இழுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "அவரைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?" என்றாள் என்னிடம். அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவள் மனசுக்குள் ஒரு கோர்ட் எப்போதும் கூடியிருந்தது. அதில் மனிதர்கள் கடைசியாகத்தான் கூண்டில் ஏறுவார்கள்.

இதை ஒரு லாரி டிரைவர் நன்றாக அறிவார். கண்டெய்னரின் சீல் நம்பர் தாளில் ஒன்றும் பெட்டியில் ஒன்றுமாக இருக்கிறது, வழியில் உடைத்துவிட்டான் என்று ஒரு தடவை அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். மனுஷன் எங்கள் வாசலில் உட்கார்ந்து, "நான் தொடலைக்கா, எம் பிள்ளையாணை நான் தொடலை" என்று அழுதார். அக்கா ஆட்டோ பிடித்துப் பெட்டி நிற்கிற யார்டுக்குப் போனாள். பிரஷ்ஷால் சீலைத் தேய்த்தாள். கரி அப்பி, எட்டு மூன்றாகத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். திரும்பி வந்து கைகழுவிக்கொண்டே சொன்னாள்: "பொருளைக் கையில எடுத்துப் பார்க்காம ஒருத்தரைச் சொல்லப்படாதுளா. சொன்னபெறவு வாயைக் கழுவ முடியாது."

இதையெல்லாம் இப்போது பிரியமாக எழுதிவிட முடிகிறது. அப்போது அத்தனை பிரியம் எனக்கு இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் அருகில் உட்கார்வது சலிப்பாக இருந்தது. நான் ஆத்திரப்பட்டுக் குத்துகிற ஒவ்வொரு குத்துக்கும் பக்கத்திலிருந்து ஒரு "கேட்டுப் பாருளா." எல்லாவற்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு மாதம், ஒரு சிலுவை. பொருளெல்லாம் அவளுக்குச் சாட்சியாக நிற்பதுபோல ஒரு எரிச்சல்.

பேட்டரிக்கு எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம் இருந்தது. புதியவை மேனேஜரின் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். வேண்டுமென்றால் பழையதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது. அவர் எழுந்து, நாற்காலி மேல் ஏறி, சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, அதிலிருப்பதை எடுத்துவிட்டு நம்முடையதைச் செருகுவார். ஆபீஸே அண்ணாந்து பார்க்கும். நொடிமுள் நகர்ந்தால் அவர் முகம் மலரும்.

"உசிரு இருக்கே!"

அப்படியே எடுத்து நம் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். எப்போதும் நகரும். எந்தச் செத்த பேட்டரிக்கும் ஒரு கடிகாரமுள்ளை நகர்த்துகிற அளவு உயிர் மிச்சமிருக்கும்.

"கடிகாரம் நொடிக்கு ஒரு எட்டு வச்சாப் போதும் சார்," என்பாள் அக்கா. "நடுவுல ஒறங்கிக்கிடும். இது ஓடணும்லா."

"ஓட்டம் நம்ம கையில இருக்கும்மா."

மற்றவர்கள் கடிகாரம் தீர்ப்புச் சொன்ன பேட்டரியோடு குத்திக் குத்திக் காலம் தள்ளினோம். அக்கா தன் மவுஸுக்குத் தானே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அவள் அந்த மேசையில் பதினெட்டு வருடம் காத்திருந்தது ஒரு அட்டைக்காக. ஜி கார்டு என்போம். அது கையில் இருந்தால் சுங்க அலுவலகத்தில் கம்பெனிக்காக நாமே நின்று பேசலாம், நாமே கையெழுத்துப் போடலாம். இல்லாதவர்கள் தாளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் கையெழுத்துக்காக நிற்க வேண்டும். அதற்கொரு பரீட்சை உண்டு. முதலாளி கடிதம் கொடுத்தால்தான் எழுத முடியும். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஆண்கள் மூன்று பேருக்கு அண்ணாச்சி கடிதம் கொடுத்தார். அவளிடம், "பொம்பளைய எதுக்கும்மா அங்கன போய் நின்னுக்கிட்டு?" என்றார். அவள் ஒவ்வொரு வருடமும் கேட்டாள், சத்தம் போடாமல், பிரஷ்ஷால் தேய்க்கிற மாதிரி.

அந்த வருடம் மாதா கோயிலில் கொடியேறிய வாரத்தில் அண்ணாச்சி மனம் இறங்கினார். காலையில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்து, "சாயங்காலம் சீல் வச்சு வாங்கிக்கோ" என்றார். அவள் என் மேசைக்கு வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். எதையும் தட்டாதவள். பிறகு ஏதோ தாள் கொடுக்கச் சுங்க அலுவலகத்துக்குப் போனாள்.

அன்று காலையிலிருந்து என் மவுஸ் தாவிக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் கொண்டுபோனேன். நாற்காலி, கடிகாரம், முள். "உசிரு இருக்கே!" திரும்பி வந்தேன். அடிக்க வேண்டிய இன்வாய்ஸ் எனக்காகக் காத்திருந்தது. பக்கத்தில் அவள் நாற்காலி காலி. அவள் மவுஸ் ரத்தான தாளின் மேல், ஒற்றைப் பொட்டோடு, சாதுவாக இருந்தது.

திருப்பினேன். மூடியைத் திறந்தேன். ஜூலை, ஒரு சிலுவை. அதை எடுத்து என்னுடையதில் போட்டேன். என்னுடையதை அவளுடையதில் போட்டேன். வெறுமனே எடுத்துக்கொண்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும்; மாற்றி வைத்தேன். ஒரு நிமிட வேலை. வந்ததும் சொல்லிவிடலாம், சிரிப்பாள், என்று நினைத்தேன். பிறகு போன் வந்தது. மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதுகிறேன். இந்தச் சொல்லைப் பத்து வருடமாக மேசை மேல் விட்டு விட்டுப் பார்க்கிறேன். துள்ளுகிறது.

இரண்டு மணிக்கு அவள் ஓடி வந்தாள். ஸ்பெயினுக்குப் போகிற கணவாய்ப் பெட்டி. கப்பல் முந்திக்கொண்டது, ஐந்து மணிக்குத் துறைமுகக் கேட்டை மூடுகிறார்கள், பெட்டி எண் மாறிவிட்டது, ஷிப்பிங் பில்லில் திருத்தி அனுப்ப வேண்டும். உட்கார்ந்தாள். அம்புக்குறி நடுங்கியது.

"என்னளா இது? காலைல நல்லாத்தான இருந்துச்சு?"

நான் போனில் இருந்தேன். 'இரு' என்று கையைக் காட்டினேன். அந்தக் கையை நான் என்ன செய்ய?

அவள் மவுஸின் கண்ணை மட்டும் ஒரு ஊது ஊதினாள். கேட்டுப் பார்க்க அன்று நேரமில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருநாள் அவளும் மவுஸை மேசையில் குத்தினாள். இரண்டு நிமிடம் அது ஒழுங்காக இருந்தது. இறங்குதுறைக் கட்டத்தில் வலென்சியா. அதை ஒட்டிக் கீழே தொங்கிய பட்டியலில் இரண்டு வரி தள்ளி, சிலி நாட்டின் வல்பரைசோ. சக்கரத்தை உருட்டிப் பக்கத்தைக் கீழே இறக்கும்போது அம்பு எங்கேயோ தாவியது, கட்டத்தில் ஊர் மாறியது, மாறிய கட்டம் திரைக்கு மேலே ஏறி மறைந்தது. அவள் பெட்டி எண்ணை மூன்று முறை ஒத்துப் பார்த்தாள். அனுப்பினாள்.

கேட்டில் பெட்டி நின்றது. ஒரு தாளில் சிலி, மற்றத் தாள்களில் ஸ்பெயின். திருத்தம் மறுநாள் காலையில்தான் கிடைத்தது. கப்பல் போய்விட்டது. கணவாய்ப் பெட்டி குளிர் போகாமலிருக்க யார்டில் கரண்ட் வயரைக் கடித்துக்கொண்டு கிடந்தது. ஏற்றுமதிக்காரர் ஆளனுப்பி, தன் ஃபைல்கள் அத்தனையையும் வேறு ஏஜென்சிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பத்தரைக்கே அண்ணாச்சி அழைத்தார். அவருக்குத் தனி அறை கிடையாது, ஹாலின் கோடியில் ஒரு பெரிய மேசை. மேனேஜர், அவள், பக்கத்து மேசைக்காரி என்பதால் நான்.

"இருவது வருசப் பார்ட்டி," என்றார் அண்ணாச்சி. "ஒத்த அமுக்குல போயிட்டான். எப்படிம்மா?"

"அம்பு தாவிட்டு அண்ணாச்சி. மவுசு சரியில்ல. காலைல வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் வந்து பாத்தா…"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்," என்றார் மேனேஜர். "எடுங்க அந்த மவுச."

அவளே எடுத்து வந்தாள். அவளே மூடியைத் திறந்தாள். பேட்டரியை எடுத்து, விரல்களுக்கு நடுவே ஒரு சுற்று உருட்டினாள். மாதம் இல்லை. இன்னொரு சுற்று. சிலுவை இல்லை. தங்கூசி கட்டிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு மூன்றாவது சுற்று. அவள் யாரையும் பார்க்கவில்லை.

மேனேஜர் அதைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினார். கடிகாரம் இறங்கியது. முள் நகர்ந்தது. டிக், டிக், டிக் என்று என் பேட்டரி எல்லோர் முன்னாலும் அழகாக ஓடியது.

"உசிரு இருக்கே! பெறகென்ன?"

"என்னம்மா சொல்லுத?" என்றார் அண்ணாச்சி.

"நான் இன்னும் பாக்கணும் அண்ணாச்சி."

"இன்னும் என்னத்தப் பாக்க?"

"பாக்காம ஒருத்தரைச் சொல்லப்படாது."

"ஒருத்தரையா? யாரை?"

எனக்காக ஒழித்து வைத்த இடம் போல ஒரு அமைதி கிடந்தது. ஒரு வாக்கியம் போதும். 'அது என் பேட்டரி அண்ணாச்சி.' நாலே சொல். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொன்று ஆக ஏழு நிமிடம் இருந்தது. ஆறு நிமிடம் இருந்தது. நொடிக்கு ஒரு எட்டு வைத்து, நடுவில் உறங்கி, அந்த ஹாலில் நானும் ஓடிக்கொண்டிருந்தேன்.

"அமுக்குனது நாந்தான் அண்ணாச்சி," என்றாள் அவள் கடைசியில். "மேல போய் ஒருக்கப் பாத்திருக்கணும். பாக்கல."

அண்ணாச்சி பேப்பர் வெயிட்டைத் தூக்கினார். முந்தின சாயங்காலக் களேபரத்தில் சீல் வைக்காமலேயே கிடந்தது கடிதம். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பாக்காம அமுக்குதவளுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக் கையெழுத்து அதிகாரம் கேக்க? நாளையிலருந்து இங்கன வராண்டாம்மா. இருக்க சாமானை எடுத்துக்கோ."

யாரும் யார்டுக்கு ஆட்டோ பிடிக்கவில்லை. யாரும் பிரஷ்ஷால் எதையும் தேய்க்கவில்லை.

ஆபீஸுக்காக ஒரு பெண்ணாவது சுங்கத்தில் நிற்கட்டும், காலம் மாறிவிட்டது என்று மூன்று வருடம் கழித்து அண்ணாச்சிக்கே தோன்றியது. கடிதம் கொடுத்தார். அந்த அட்டை வந்தது. என் படம் போட்டது, என் பெயர் போட்டது. இன்றைக்கும் என் கழுத்தில்தான் தொங்குகிறது. சுங்க அலுவலகத்தின் படியேறும்போது அது நெஞ்சில் இடிக்கும். அவள் எங்கே போனாள் என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தால் யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

அன்றைக்கு அவளுக்குச் சாமான் அதிகம் இல்லை. பிரஷ், அழிரப்பர், மார்க்கர், நகச்சாயம், மாதா படம் ஒன்று. கைப்பைக்குள்ளேயே அடங்கிவிட்டது. எழுந்தாள். படிக்கட்டுக்குப் போகிறவள் என் மேசையருகே நின்றாள். என் கையை மெல்ல நகர்த்திவிட்டு, என் மவுஸை எடுத்துக் குப்புறத் திருப்பினாள்.

இரண்டு சிவப்புப் புள்ளி. மூடியைத் திறந்தாள்.

ஜூலை. சிலுவை. அவள் கையெழுத்து.

அண்ணாச்சியின் மேசை பத்தடி தூரத்தில் இருந்தது. கையில் பொருள் இருந்தது. பார்த்தாகிவிட்டது. இனி ஒருத்தரைச் சொல்லலாம், அவள் சட்டப்படியே சொல்லலாம். நான் காத்திருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். அதே ஒருத்தி மேசைக்கு அடியில் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பேட்டரியைக் கண்ணாடிக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்து விட்டாள். தொப்பென்று விழுந்து, துள்ளாமல், சாயாமல், எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது.

"அக்கா, நான்…" என்றேன்.

அவள் அதை எடுத்து, கூட்டல் பக்கம் கழித்தல் பக்கம் சரிபார்த்து, உள்ளே வைத்தாள். மூடியை அழுத்தினாள். மவுஸை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் ஓடும்," என்றாள். "அதுக்குப் பெறவு நீயே வாங்கிப் போட்டுக்கோளா."